குப்பம்: புது ஊர் வருகிறது, பழைய ஊர் என்ன ஆகும்?

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் குப்பத்தின் பெயர் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, அது ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. இன்னொன்று, அந்தப் பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே எழும்பும் தடுப்பணைகள். தேர்தல் வந்தால் முதல் செய்தி, மழை பொய்த்தால் இரண்டாவது. இவற்றுக்கு நடுவே அங்கே ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன. அந்தப் பழைய ஊரின் முகம் நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஜோலார்பேட்டையில் சேலம் பாதையை விட்டுப் பிரிந்து பெங்களூரு நோக்கித் திரும்பும் ரயில், சோமநாயக்கன்பட்டி, பச்சூர் தாண்டி மேடேறுகிறது. மல்லானூர் வந்தால் ஆந்திரம். அடுத்தது குப்பம். அதற்குப் பிறகு குடிபள்ளி, பிசானத்தம். பிறகு காமசமுத்திரம், பங்காரப்பேட்டை என்று கர்நாடகம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே மூன்று மாநிலங்களைக் கடந்துவிடலாம். ஊர் இருப்பது ஆந்திரத்தில். ரயில் நிலையம் இருப்பதோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் கோலார் தங்கவயலும் பக்கத்தில் இருக்கின்றன. சொந்த மாவட்டத் தலைநகரமான சித்தூர் அவற்றைவிட வெகு தூரம். மருந்துக்கும் கல்யாண ஜவுளிக்கும் வேலைக்கும் எந்தப் பக்கம் போவது என்பதை இங்கே எல்லைக்கோடு தீர்மானித்ததில்லை. ரயில் நேரமும் பேருந்து வசதியும்தான் தீர்மானித்தன.

இப்படிப்பட்ட ஊரின் பாரம்பரியம் என்று எதைச் சொல்வது? திருப்பதியைப் போல வானளாவிய கோபுரம் இங்கே இல்லை. சந்திரகிரியைப் போல அரசர் மாளிகையும் இல்லை. அதனாலேயே குப்பத்தில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்ற கேள்வி எளிதாக எழுந்துவிடுகிறது. இருக்கிறது என்பதுதான் என் பதில். கல்லில் பொறிக்கப்படாத ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது என்று நமக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜமீன் காலத்து ஊர்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலைகளுக்கு மேலே இருந்தது கங்குந்தி ஜமீன். கங்குந்தி என்ற கிராமமும் அதன் கோட்டைக் குன்றும் இன்றும் குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஜமீனின் பெயர் கங்குந்தி என்றாலும் வணிகமும் நடமாட்டமும் குப்பத்துக்கு வந்துசேர்ந்தன. காரணம் ரயில். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரையிலான பாதை 1864-இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் பல பெரிய நகரங்களுக்கே ரயில் போய்ச்சேராத காலம் அது. அப்போதே இந்த மேட்டு நிலத்துக்குச் சென்னையும் பெங்களூரும் ஒரே தண்டவாளத்தின் இரு முனைகளாகிவிட்டன. புளியும் கேழ்வரகும் நிலக்கடலையும் ஏற்றிப்போக ரயிலடி, ரயிலடியை ஒட்டிக் கடைத்தெரு, கடைத்தெருவை ஒட்டி வீடுகள், எல்லாவற்றையும் காக்க கங்கம்மன் என்று ஊர் திரண்டது.

நிர்வாக வரைபடம் அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. 1911-இல் வட ஆர்க்காடு பிரிந்து சித்தூர் மாவட்டம் உருவானபோது கங்குந்தி ஜமீன் சித்தூரோடு போனது. அதுவரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்ததே சித்தூர்தான் என்பது இன்று பலருக்கும் நினைவில்லை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. ம.பொ.சி. வேங்கடத்தை வட எல்லையாகக் கேட்டு நடத்திய போராட்டத்தில் திருப்பதியும் திருத்தணியும்தான் முழக்கமாயின. குப்பத்தின் பெயர் அந்த முழக்கங்களில் பெரிதாக ஒலிக்கவில்லை. பின்னர் எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரை அடிப்படையில் 1960 ஏப்ரல் 1-இல் எல்லைகள் திருத்தப்பட்டன. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு மாற்றாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு போட்டவர்கள் கிராமத்தை அலகாகக் கொண்டு மொழி எண்ணினார்கள். குப்பத்தைப் போன்ற ஊர்களிலோ ஒரே தெருவுக்குள், சில சமயம் ஒரே வீட்டுக்குள், இரண்டு மொழிகள் குடியிருந்தன. அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

கலைஞர்களைப் பார்த்தாலே இந்த மண்ணின் தன்மை விளங்கும். சங்கீத கலாநிதி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பிறந்தது குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத புங்கனூரில், 1898-இல். காஞ்சிபுரம் நைனாப் பிள்ளையிடம் குருகுலம் இருந்தார். பின்னாளில் திருப்பதி இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவரைத் தமிழர் என்று மட்டும் சொன்னாலும் தெலுங்கு மண்ணின் கலைஞர் என்று மட்டும் சொன்னாலும் பாதிதான் சொன்னதாகும். இப்படிப்பட்டவர்களை இந்த எல்லை நிலம் தொடர்ந்து தந்திருக்கிறது.

பழைய தெருக்கள் ஏன் முதுமை அடைந்தன?

ரயிலடிச் சுற்றுவட்டத்தின் வாழ்வு மூன்று கால்களில் நின்றது. விளைபொருள் வணிகம் ஒன்று. ரயில் இன்னொன்று. மூன்றாவது, கோலார் தங்கவயல். தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தமிழர்களும் தெலுங்கர்களும். அவர்களில் தலித் மக்கள் ஏராளம். குப்பத்தை அடுத்த பிசானத்தத்திலும் சிகர்குண்டாவிலும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் இருந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் மூடப்பட்டது. சுரங்கச் சம்பளம் நின்றபோது அதை நம்பியிருந்த கடைகளும் கைமாற்றுகளும் கல்யாணங்களும் சுற்றுவட்டார ஊர்களில் எல்லாம் ஆட்டம்கண்டன.

அதே காலத்தில் பெங்களூரு மென்பொருள் நகரமாக வீங்கத் தொடங்கியது. காலை வண்டியில் ஏறினால் அங்கே கட்டட வேலை, காவலாளி வேலை, தையல் ஆலை வேலை கிடைக்கும். படித்திருந்தால் கணினி வேலை. முதலில் வாரத்துக்கு ஒருமுறை வீடு திரும்பினார்கள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு கங்கம்மன் திருவிழாவான ஜாத்திரைக்கு மட்டும். ஓடு வேய்ந்த வீடுகளில் வயதானவர்கள் தங்கினார்கள். ஓடு ஒழுகத் தொடங்கியபோது, பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் அதைப் பிரித்துத் தளம் போட்டார்கள். திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் போட்ட கடை வந்தது. இதை அழிவு என்று சொல்லிப் பெருமூச்சு விட எனக்கு உரிமை இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்குத் தளம் போட்ட வீடு ஒரு வெற்றி. பழைய வீட்டின் அழகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதில் மழைக்காலம் கழிக்காதவர்கள்.

இந்தப் பகுதியின் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. பச்சை நிறம் ஓடும் இந்த வட்டாரக் கிரானைட்டுக்கு உலகச் சந்தையில் ‘குப்பம் கிரீன்’ என்றே பெயர். குப்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாத வெளிநாட்டு வணிகருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஊரின் குன்றுகள் பாளம் பாளமாக வெட்டப்பட்டு, மெருகேறி, கப்பலேறிப் போய்விட்டன. ஊரில் மிஞ்சியது குழிகள், கல் தூசி, கொஞ்சம் கூலி. இதையும் வளர்ச்சிக் கணக்கில்தான் எழுதினார்கள்.

ஒருவர் கையில் முப்பத்தைந்து ஆண்டுகள்

1989-இல் சந்திரபாபு நாயுடு குப்பத்தில் முதன்முறை நின்று வென்றார். 2024 வரை எட்டு முறை தொடர்ச்சியாக வென்றிருக்கிறார். இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் ஒரே முதல்வரோடு அடையாளப்பட்ட சிறிய ஊர்கள் அரிது. இதனால் ஊருக்குக் கிடைத்தது நிறைய. எட்டாக் கையில் இருந்த ஓர் ஓரத் தொகுதி தலைநகரத்தின் கவனத்தில் நிலைத்தது. ஆனால் அந்தக் கவனம் எப்போதும் ஒரு சோதனைக்கூடத்தின் மேல் விழும் கவனமாகவே இருந்தது.

1990-களின் பிற்பகுதியில் இஸ்ரேல் தொழில்நுட்பப் பண்ணை வந்தது. சொட்டுநீர்ப் பாசனம், புதிய காய்கறி வகைகள், கணினி வழியே நீர் அளவு. சிறு விவசாயிகளின் நிலங்களைச் சேர்த்து, வரப்புகளை அகற்றிச் செய்த பரிசோதனை அது. நாடெங்கும் பேசினார்கள், எதிர்த்தும் எழுதினார்கள். வரப்பு போனால் நிலத்தின் மேல் தன் பிடியும் போய்விடுமோ என்ற விவசாயியின் அச்சம் நியாயமானது. 2004-இல் ஆட்சி மாறியதும் திட்டம் மங்கியது. ஆனால் சொட்டுநீர்க் குழாயும் தக்காளியும் கோஸும் இந்த மேட்டு நிலத்தில் தங்கிவிட்டன. மேலிருந்து வந்த திட்டம் போய், அதிலிருந்து தனக்குத் தேவையானதை விவசாயி எடுத்துக்கொண்ட கதை இது. பழைய ஊருக்கும் இதே வழி கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை.

1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது. பிறகு பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் வந்தன. மூன்று மாநிலத்து நோயாளிகளும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். குடிபள்ளி மண்டலத்தில் அகஸ்தியா அறக்கட்டளையின் அறிவியல் வளாகம், ஏழைக் குழந்தைகளுக்குக் கையால் செய்து பார்த்து அறிவியல் கற்பிக்கிறது. இவை எல்லாம் நல்ல வேலைகள். இவை எல்லாமே ஊருக்கு வெளியே எழுந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய நிலம் வெளியேதான் கிடைக்கும், அது இயல்பு. ஆனால் புதிய ஒவ்வொன்றும் வெளியே எழ எழ, உள்ளே இருந்த ஊர் வெறும் பேருந்து மாறும் இடமாகச் சுருங்கியது.

பெரிய ஊராட்சியாக இருந்த குப்பம் சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து நகராட்சியானது. 2021 நவம்பரில் நடந்த முதல் நகராட்சித் தேர்தலில் 25 வார்டுகளில் 19-ஐ அன்றைய ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பிடித்தது. நாயுடுவின் கோட்டையில் விழுந்த விரிசலாகவே அதை எல்லோரும் பார்த்தார்கள். 2022-இல் அதே கட்சியின் ஜெகன்மோகன் அரசு குப்பத்தை வருவாய்க் கோட்டமாக்கியது. இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்ததால் ஊருக்கு லாபம்தான். 2024-இல் நாயுடு திரும்பி வந்ததும் குப்பம் பகுதி மேம்பாட்டு ஆணையம் மீண்டும் உயிர்பெற்றது. 2025 ஜனவரியில் ‘ஸ்வர்ண குப்பம்’ என்ற பெயரில் 2029 வரைக்குமான தொலைநோக்குத் திட்டம் வெளியானது. நடிமூர் கிராமத்தில் வீட்டுக்கு வீடு சூரிய மின்தகடு போடும் முன்னோட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்டு 30-ஆம் தேதி பரமசமுத்திரம் ஏரிக்கரையில் முதல்வர் ஜலஹாரதி, அதாவது நீருக்கு ஆரத்தி, எடுத்தார். ஸ்ரீசைலம் அணையின் நீர்ப்பரப்பிலிருந்து ஹந்திரி-நீவா கால்வாய் வழியே 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கிருஷ்ணா நீர் குப்பத்தை எட்டியிருந்தது.

குடிக்க நல்ல தண்ணீருக்காக ஆயிரம் அடி துளைத்த ஒரு வறண்ட மேட்டு நிலத்துக்குக் கிருஷ்ணா வந்ததன் மகிழ்ச்சியை யாரும் குறைத்துப் பேச முடியாது. நானும் பேசவில்லை. பாலாற்றுத் தடுப்பணைகளைப் பற்றி வாணியம்பாடி விவசாயிக்கு இருக்கும் கோபம் நியாயமானது. 2016-இல் புல்லூரில் தடுப்பணையின் உயரத்தைக் கூட்டியபோது எழுந்த கோபத்தை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஆற்றின் இரண்டு பக்கத்திலும் வறட்சி ஒரே வறட்சிதான். கிருஷ்ணா நீர் போதுமான அளவு வருமானால் பாலாற்றின் மேல் விழும் சுமை குறையும் என்று இரு பக்கமும் சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

மே மாதத்தில் ஊர் திரும்பும் ஊர்

ஆண்டில் சில நாட்கள் மட்டும் பழைய குப்பம் தன் முழு உருவத்தோடு எழுந்து நிற்கும். அது மே மாதத்தில் வரும் பிரசன்ன திருப்பதி கங்கம்மன் ஜாத்திரை. பெங்களூருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். தங்கவயல் பக்கத்திலிருந்தும் கிருஷ்ணகிரி, வாணியம்பாடிப் பக்கத்திலிருந்தும் உறவுகள் வரும். வாசலில் வேப்பிலை, வீட்டில் மாவிளக்கு, பானையில் கூழ், நேர்ந்துவிட்ட கோழியும் ஆடும். அம்மனின் சிரசு, அதாவது தலை மட்டும், ஊர்வலமாக வந்து உடலோடு பொருந்தும்போது விஸ்வரூப தரிசனம். கூட்டம் அதற்குத்தான் காத்திருக்கும்.

இந்தச் சிரசு மரபைத் தமிழ்நாட்டு வாசகர்கள் குடியாத்தத்தில் அறிவார்கள். வைகாசி முதல் நாள், கௌண்டின்ய மகாநதிக் கரையில் கெங்கையம்மன் சிரசு ஏறும். வெட்டுண்ட ரேணுகையின் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்திய கதை அதன் பின்னால் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் உடல் என்று கதை சொல்லும். குலத்தின் பெயரால் பிரித்தவர்களையெல்லாம் ஒரே உருவத்தில் ஒட்டிவைத்த தெய்வம் இது. திருப்பதியில் தாத்தய்யகுண்டக் கங்கம்மனுக்கு ஏழு நாள் ஜாத்திரை. ஆண்கள் பெண் வேடமிட்டுத் தெருத்தெருவாக வருவார்கள். ஏழுமலையானின் தங்கை என்று அந்த அம்மனைக் கருதி மலையிலிருந்து சீர் வரும். புங்கனூரில் சுகுட்டூர் கங்கம்மன் பழைய ஜமீன் அரண்மனையில் கொலுவிருப்பாள். பலமநேரிலும் கங்கம்மன். இந்த ஊர்களையெல்லாம் ஒரு நூலில் கோத்துப் பார்த்தால் 1953-இல் போட்ட கோடு எங்கே என்றே தெரியாது.

ஜாத்திரையிலும் மாற்றம் வந்துவிட்டது. ஒலிபெருக்கி, மின்விளக்கு அலங்காரம், கட்சிப் பதாகைகள், டிரோன் படப்பிடிப்பு. 2025 மே மாதத்தில் முதல்வர் தம் மனைவியோடு வந்து அம்மனுக்குப் பட்டு சார்த்தினார். காவல் வளையமும் வி.ஐ.பி. வரிசையும் உள்ளூர்க் கிழவியின் தரிசனத்தைத் தள்ளிப்போடுகின்றன என்ற வருத்தம் இருக்கலாம். இருந்தாலும் இந்த ஜாத்திரை உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது. அதைப் பாதுகாக்கும் வேலையை யாரும் ஒரு துறையிடம் ஒப்படைக்கவில்லை. கூழ் காய்ச்சுகிறவர் காய்ச்சுகிறார், பறை அடிக்கிறவர் அடிக்கிறார், சிரசைச் சுமக்கும் உரிமை உள்ளவர்கள் சுமக்கிறார்கள். பாரம்பரியம் என்பதை வேலையாகப் பகிர்ந்துகொண்டிருக்கும் வரை அது முதுமை அடைவதில்லை. முதுமை வந்திருப்பது மற்ற 360 நாட்களின் ஊருக்கு.

தமிழ் எங்கே போகிறது?

அந்த மற்ற நாட்களின் ஊரில் முதலில் தேய்வது மொழி. குப்பத்துத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா தமிழ் படித்தவர். அப்பா வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும். பேத்தி வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள், பள்ளியில் ஆங்கிலம், தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் படம் பார்ப்பாள், பாட்டு பாடுவாள், சினிமா சுவரொட்டியின் தலைப்பைப் படிக்கத் திணறுவாள். சித்தூர் மாவட்டத்தின் எல்லை ஊர்களில் தமிழ்வழிப் பள்ளிகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஆனால் பிள்ளைகள் குறைய ஆசிரியர் குறைவதும், ஆசிரியர் குறையப் பிள்ளைகள் குறைவதும் தொடர்ந்து நடக்கின்றன. 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கில வழிக்கு மாற்ற ஆந்திர அரசு ஆணையிட்டது. அடுத்த ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப் போராட்டம் ஒரு பக்கம் இருக்க, பெற்றோர் மனம் ஏற்கெனவே ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. தெலுங்குவழிப் பள்ளியே தள்ளாடும்போது தமிழ்வழிப் பள்ளி எங்கே நிற்கும்?

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த 1956-ஆம் ஆண்டிலேயே, கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டவர்களை மனத்தில் வைத்துச் சேர்த்த பிரிவு அது. இதைக் குப்பத்துக்காகக் கேட்கும் தமிழர்கள் ஓசூர், கிருஷ்ணகிரித் தெலுங்கர்களையும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடமானது. அந்த முறையில் படித்த முதல் வரிசை 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது, தெலுங்கு, கன்னட, உருது வழிப் பிள்ளைகள் நீதிமன்றப் படியேறித்தான் விலக்குப் பெற்றார்கள். ஓசூரில் தெலுங்குப் பிள்ளைக்கு நாம் தருவதைத்தான் குப்பத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு நாம் கேட்க முடியும். இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து, பாடநூலையும் ஆசிரியரையும் பண்டமாற்றுப் போலப் பரிமாறிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உலகில் இப்படிப்பட்ட ஊர்களைப் பெருமையாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். இத்தாலி – ஸ்லோவேனியா எல்லையில் கொரிட்சியா என்ற ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947-இல் போட்ட கோடு ஊருக்கும் அதன் ஒரு ரயில் நிலையத்துக்கும் நடுவே போனது. ஊர் இத்தாலிக்கு, நிலையம் யூகோஸ்லாவியாவுக்கு. ஊரை இழந்த பக்கத்தார் அடுத்த ஆண்டிலிருந்து நோவா கொரிட்சா என்ற புது நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். ரயிலடிச் சதுக்கத்தின் குறுக்கே வேலி நின்றது. 2004-இல் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்த வேலி எடுக்கப்பட்டது. 2025-இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தன. அவர்கள் காட்சிக்கு வைத்ததில் எல்லையும் அதைத் தாண்டிய உறவுகளும் முதலிடம் பெற்றன. குப்பத்தின் ரயிலடியில் வேலி எப்போதும் இருந்ததில்லை. காட்டத் தகுந்தது அவர்களைவிட நம்மிடம் அதிகம்.

பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகம்

இந்த வேலைக்கென்றே பிறந்த நிறுவனம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் மொழியியல் அறிஞருமான வ.அய். சுப்பிரமணியத்தின் நெடுநாள் கனவுகளில் ஒன்று, தென்னிந்திய மொழிகள் ஒரே கூரையின் கீழ்ப் பேசிக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகம். திராவிடப் பல்கலைக்கழகம் அந்தக் கனவில் விளைந்தது. அவர் அதன் இணைவேந்தராகவும் இருந்தார். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தை அதற்கு இடமாகத் தேர்ந்ததில் பொருள் இருந்தது. மொழியியல், நாட்டுப்புறவியல், மொழிபெயர்ப்பு என்று துறைகள் வைத்தார்கள். தமிழ்த் துறையும் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு நிதியும் நிரந்தர ஆசிரியர்களும் கிடைப்பதைப் பொறுத்துத்தான் எதுவும் நடக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்கிறேன்: திராவிட மொழிகளின் உறவை ஏடுகளில் தேடும் நிறுவனத்துக்கு, அந்த உறவு மூச்சுவிடும் தெருக்கள் சில கிலோமீட்டரில் இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்து கேட்பதைவிட முக்கியமான ஆய்வு வேறு என்ன இருக்கிறது? எந்த வீட்டில் யார் எந்த மொழியில் கோபப்படுகிறார்கள், எந்த மொழியில் சாமி கும்பிடுகிறார்கள், எந்த மொழியில் கணக்குப் போடுகிறார்கள், ஒப்பாரி எந்த மொழியில், தாலாட்டு எந்த மொழியில். இவை எந்த நூலகத்திலும் கிடைக்காது. ரயிலடிக் கடைத்தெருவின் பழைய பேரேடுகள், ஜமீன் காலத்துப் பத்திரங்கள், பழைய பள்ளிப் பதிவேடுகள் வீட்டுப் பரண்களில் இருந்தால் அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். வீட்டை இடிக்கும்போது முதலில் போவது பரணில் இருக்கும் காகிதம்.

திருப்பதியைப் பார்த்தாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டும். திருமலையில் கோயிலுக்கு எதிரே 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆயிரங்கால் மண்டபம் 2003-இல் அகற்றப்பட்டது. பக்தர் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்றார்கள். மாடவீதிகளை அகலப்படுத்தியபோது அங்கே வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கீழே நகரத்தில் கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றி, இராமானுஜர் காலத்தில் தொடங்கியதாக மரபு சொல்லும் வீதிகள் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இடையே நெருக்குண்டு நிற்கின்றன. 2023-இல் திறந்த சீனிவாச சேது மேம்பாலம் வெளியூர்ப் பக்தரை நகரத்தின் தலைக்கு மேலாகவே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில். அவற்றைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் படித்துப் பதிப்பித்ததால் சுவர் போனாலும் எழுத்து தங்கும். ஆயிரங்கால் மண்டபத்தின் நிழலில் பூ விற்றவர்களின் பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை. அது மண்டபத்தோடு போய்விட்டது.

குப்பத்துக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கிறார்கள். சென்னை – பெங்களூரு விரைவுச்சாலை பலமநேர்ப் பக்கமாகப் போகிறது. விமான நிலையம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. சிகர்குண்டா – பிசானத்தம் தங்கச் சுரங்கத்தை பொதுத்துறைச் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி. வழியே திரும்பத் திறக்கும் முயற்சி நடக்கிறது. இன்னும் பத்தாண்டில் ரயிலடிப் பக்கத்து மனையின் விலை, அங்கே இருக்கும் எந்த வீட்டின் நினைவையும்விட அதிகமாகிவிடும். அப்போது யாரும் வேண்டுமென்றே எதையும் அழிக்க வேண்டியதில்லை. விற்பனைப் பத்திரமே போதும்.

ஸ்வர்ண குப்பம் திட்டத்தில் சாலைக்கும் வடிகாலுக்கும் மின்சாரத்துக்கும் தொழிலுக்கும் தனித்தனி இலக்குகள் இருக்கின்றன. பழைய ஊருக்கும் ஓர் இலக்கு அதில் சேரட்டும். ரயிலடிக்கும் கங்கம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களை அளந்து, எஞ்சிய பழைய வீடுகளைப் பட்டியலிட்டு, திண்ணையோடு வீட்டைப் பழுதுபார்க்க விரும்பும் உரிமையாளருக்கு வரிச்சலுகை தரலாம். தெருப் பலகைகளில் தெலுங்கோடு தமிழும் கன்னடமும் வரலாம். பெங்களூரு ரயிலில் வந்திறங்குகிறவர் அதைப் பார்த்தாலே எந்த ஊரில் நிற்கிறோம் என்று புரிந்துகொள்வார். பல்கலைக்கழகத் தமிழ், தெலுங்கு, நாட்டுப்புறவியல் மாணவர்கள் சேர்ந்து ஒரு வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பைத் தொடங்கலாம். கால்வாய்க்குச் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது கைச்செலவு.

1953-இல் மாநிலம் பிரிந்தபோது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். அடுத்த மே ஜாத்திரைக்கு அவர்களில் பலர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களின் ஒலிப்பதிவு அங்கேயே, அந்த ஒரு வாரத்திலேயே தொடங்கிவிடலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.